தோழியின் கையைப் பாருங்கள்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, விக்டோரியா மகாராணி காலத்து ஓவியர்கள் ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகங்களிலிருந்து பெண்களைச் சோடி சோடியாக வரைந்த படங்களைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுக்கிறேன்.

*

ரொசலிண்ட், சீலியா என்று எழுதியிருந்தீர்கள். நாடகம் படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி சொல்வீர்களா டீச்சர்? அந்தப் படங்களை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?
— வாசகி, களுதாவளை

‘அஸ் யூ லைக் இட்’ என்ற நாடகத்தில் வருகிறவர்கள் அவர்கள். தம்பி அண்ணனைத் துரத்திவிட்டு ஆட்சியைப் பிடித்துக்கொள்கிறான். துரத்தப்பட்ட அண்ணனின் மகள் ரொசலிண்ட். பிடித்துக்கொண்ட தம்பியின் மகள் சீலியா. இருவரும் ஒரே அரண்மனையில் ஒன்றாக வளர்ந்தவர்கள். ஒரு நாள் ரொசலிண்டும் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று கட்டளை வருகிறது. அப்போது சீலியா தகப்பனுக்கு முன்னால் நின்று சொல்கிறாள்: நாங்கள் ஒன்றாகத் தூங்கினோம், ஒரே நேரத்தில் எழும்பினோம், ஒன்றாகப் படித்தோம், விளையாடினோம், சாப்பிட்டோம், எங்கே போனாலும் இணை பிரியாத அன்னங்களைப் போலத்தான் போனோம். சொன்னதோடு நிற்கவில்லை. ரொசலிண்டோடு காட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறாள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனியுங்கள். சீலியாவை யாரும் துரத்தவில்லை. ரொசலிண்டுக்கு வேறு வழியில்லை. சீலியாவுக்கு அரண்மனையே இருந்தது.

ரொசலிண்ட் உயரமானவள், அதனால் ஆண்வேடம் போடுகிறாள். சீலியா ஏழைப் பெண்ணாகி, முகத்தில் ‘அம்பர்’ பூசிக்கொள்கிறாள். அம்பர் என்பது எங்கள் வர்ணப் பெட்டியில் இருக்கும் அதே மண் கபிலம்தான். இதைப் பாடத்தில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் தங்கள் கன்னத்தில் தொட்டுப் பார்ப்பார்கள். ஆனால் நான் பார்த்த படங்கள் எதிலும் சீலியாவின் முகத்தில் அந்த மண் இல்லை. வெள்ளை வெளேரென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். அது எனக்குக் குறையாகவே படுகிறது. அவள் விட்டுக்கொடுத்தவற்றில் அந்த முகமும் ஒன்று.

நான் முதலில் பார்த்தது ஜோன் எவரெட் மில்லே வரைந்த ‘ரொசலிண்டும் சீலியாவும்’. 1868இல் லண்டன் ரோயல் அக்கடமியில் வைக்கப்பட்ட படம். காட்டுக்கு வந்து சேர்ந்த களைப்பில் சீலியா, ஆண்வேடத்தில் இருக்கும் ரொசலிண்டின் மேல் சாய்ந்திருக்கிறாள். கோமாளி டச்ஸ்டோனும் பக்கத்தில் இருக்கிறான். எங்கள் பாடசாலை நூலகத்தில் முதுகு கிழிந்த பெரிய புத்தகம் ஒன்று இருந்தது. அதில் மெல்லிய தாளால் மூடி ஒட்டியிருந்த வர்ணப் படம் அது. 1978 நவம்பரில் அடித்த சூறாவளியில் நூலகத்துக் கூரை போனது, அந்தப் புத்தகமும் போனது. கூழாகிப்போன தாள்களை மண்வெட்டியால் அள்ளிக் கொட்டினோம். அந்தப் படத்தை அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல அச்சுகளில் பார்த்துவிட்டேன். ஆனாலும் அதை நினைத்தால், பழுத்துப்போன அந்தத் தாளின் நிறத்தோடுதான் மனதில் வருகிறது.

ஏன் அந்தக் காலத்தில் இப்படி இத்தனை படங்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். 1843 வரை லண்டனில் வசன நாடகம் போட அனுமதி பெற்ற அரங்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்த ஆண்டு வந்த சட்டம் அந்த ஏகபோகத்தை உடைத்தது. ஷேக்ஸ்பியரை எல்லா அரங்குகளும் மேடையேற்றலாம் என்றானது. அதற்கும் முன்பே, 1789இல், பொய்டெல் என்ற வெளியீட்டாளர் ஷேக்ஸ்பியர் காட்சிகளுக்கென்றே ஓவியக்கூடம் ஒன்றைத் திறந்து, படங்களைச் செதுக்கி அச்சிட்டு விற்கத் தொடங்கியிருந்தார். கதை தெரிந்த சனம் படத்துக்கு முன்னால் நின்று, ‘இது இன்னார், இது இந்தக் கட்டம்’ என்று சொல்லிப் பார்த்தது. எங்கள் கோயில் சுவர்ப் படங்களுக்கு முன்னால் அம்மம்மாமார் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்வதில்லையா, அதே மாதிரித்தான்.

*

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அந்த நாடகத்தில் ஒரு காட்சியைத் தமிழாக்குகிறேன். ரொசலிண்டும் சீலியாவும் ஒருவரையொருவர் ‘கசின்’ என்று கூப்பிடுகிறார்கள். அதை ‘மச்சி’ என்று போடலாமா?
— ஆங்கில ஆசிரியை, சம்மாந்துறை

போடாதீர்கள் சகோதரி. அவர்கள் அண்ணன் தம்பி பிள்ளைகள். உங்கள் வழக்கில் சொன்னால் ரொசலிண்டுக்குச் சீலியா சாச்சாவின் மகள். எங்கள் வீட்டில் சித்தப்பா மகள். அக்கா தங்கை முறை. மச்சி என்றோ மச்சாள் என்றோ போட்டால், எங்கள் கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகள் உடனே தாய்மாமன் மகளையோ மாமி மகளையோ நினைத்துவிடுவார்கள். உறவே மாறிப்போகும். ‘அழகான சின்னக் கசின்’ என்று ரொசலிண்ட் கொஞ்சிக் கூப்பிடும் இடம் ஒன்று வருகிறது. அங்கே ‘என் தங்கச்சி’ என்று எழுதிப் பாருங்கள், தானாகப் பொருந்தும்.

இன்னொன்றும் யோசித்தேன். எங்கள் பகுதியில், உங்கள் பள்ளிவாசலானாலும் எங்கள் கோயிலானாலும், குடி என்கிற வம்சப் பிரிவு தாய்வழியாகத்தான் வருகிறது. அப்படிப் பார்த்தால் இந்த இரண்டு பெண்களும் இரண்டு குடியைச் சேர்ந்தவர்களாகவும் இருக்கலாம். அதிகாரச் சண்டையெல்லாம் தகப்பன்மாருடையது. பிள்ளைகளுக்கு அதில் பங்கில்லை. வகுப்பில் இப்படிச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

‘மச்சி’ என்ற சொல்லைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால் ‘மச் அடோ அபௌட் நதிங்’ நாடகத்துக்குப் போங்கள். அதில் ஹீரோ என்ற பெண்ணின் தகப்பனுக்குப் பியட்ரிஸ் உடன்பிறந்தார் மகள். அண்ணன் தம்பி வழியா, அக்கா தங்கை வழியா என்று நாடகம் திட்டமாகச் சொல்லவில்லை. அவள் வாய்க்கும் நக்கலுக்கும் மச்சி முறைதான் சரி. ஆனால் மணமேடையில் ஹீரோவின் மானத்தைக் கெடுத்துப் பேசும்போது, அத்தனை ஆண்களும் தடுமாறி நிற்க, அவள்மேல் சொன்னது பொய் என்று உறுதியாகச் சொல்கிறவளும் அந்த வாயாடிதான். தகப்பனே மகளை நம்பாத நேரம் அது.

ஒரு செய்தி, தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்குப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளிவந்த ‘மதங்க சூளாமணி’யில் ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களைத் தமிழருக்கு ஆராய்ந்து காட்டினார். ஷேக்ஸ்பியருக்கு அவர் வைத்த பெயர் செகசிற்பியார். நீங்கள் செய்கிற வேலைக்கு உங்கள் மண்ணிலேயே முன்னோர் இருக்கிறார்.

*

ஷேக்ஸ்பியர் காலத்தில் பெண் வேடத்தை ஆண்கள்தான் ஆடினார்களாமே. எங்கள் கூத்திலும் அப்படித்தான். இரண்டு ஆண்கள் ஆடியதை வைத்துப் பெண்களின் நட்பு என்று எப்படிச் சொல்வது?
— கூத்துப் பழகும் இளைஞர், செங்கலடி

நல்ல கேள்வி தம்பி. ஆம், அங்கே பெண் வேடத்தைப் பையன்கள்தான் ஆடினார்கள். 1660இல் மன்னராட்சி திரும்பி வந்த பிறகே இங்கிலாந்தின் பொது மேடையில் நடிகைகள் ஏறினார்கள். விக்டோரியா காலத்து ஓவியர் பார்த்ததெல்லாம் நடிகைகளைத்தான். அதோடு நின்றுவிடாமல், 1845இல் சார்லட் குஷ்மன் என்ற அமெரிக்க நடிகை லண்டனில் ரோமியோவாகவே ஆடினார். ஜூலியட்டாக வந்தது அவருடைய சொந்தத் தங்கை.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் எனக்கு இங்கிலாந்திலிருந்து வரவில்லை. என் அம்மாவின் தம்பி ஒருவர் பெண்வேடக்காரர். இளவரசி வரவுக்கு அவர், தோழி வேடத்துக்கு அவருடைய கூட்டாளி, அவரும் வயல்காரர். அவரவர் பாட்டு எழுதிய ஏடான சட்டம் கொடுத்த நாள் தொடங்கி, சதங்கை அணிந்து, அடுக்கு என்னும் ஒத்திகை பார்த்து, அரங்கேற்றம் முடியும் வரைக்கும் மாதக் கணக்கில் இருவரும் ஒன்றாகத்தான் திரிவார்கள். விடியப்புறம் கூத்துக் களரியிலிருந்து வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கூட்டாளி குனிந்து மாமாவின் காலிலிருந்து சதங்கையை அவிழ்ப்பார். கயிறு இறுகிய இடம் வரி வரியாகச் சிவந்திருக்கும். அதில் தேங்காய் எண்ணெய் தடவுவார். வேடம் கலைந்துவிட்டது, மீசை மழித்த முகத்தில் அரிதாரம் பாதி மிச்சம், அப்போதும் தோழி தோழியாகவே இருந்தார். சிறுபிள்ளையாக நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆடுகிறவர் ஆணா பெண்ணா என்பதை விட, ஒருவர் மற்றவரின் பாரத்தை வாங்குகிறாரா என்பதையே அன்றிலிருந்து நான் பார்க்கிறேன்.

*

வரைந்தவர்கள் எல்லோரும் ஆண்களா? பெண்கள் யாரும் இல்லையா?
— பல்கலைக்கழக மாணவி, வந்தாறுமூலை

இருந்தார்கள், கதவுதான் பூட்டியிருந்தது. ரோயல் அக்கடமியின் ஓவியப் பள்ளியில் 1860 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. அந்த ஆண்டு லோரா ஹெர்ஃபோர்ட் என்பவர் படத்தில் முதலெழுத்தை மட்டும் போட்டு அனுப்பினார். ஆண் என்று நினைத்து இடம் கொடுத்துவிட்டார்கள். ரொசலிண்ட் வேடம் போட்ட கதையேதான், காட்டுக்குப் பதிலாகக் கலைப் பள்ளி. லூசி மடொக்ஸ் பிரவுன் 1871இல் ஷேக்ஸ்பியரின் மிராண்டா சதுரங்கம் ஆடுவதை வரைந்தார்.

இன்னொரு பெண்ணை நீங்கள் மறக்கக்கூடாது: எலிசபெத் சிடல். தொப்பிக் கடையில் வேலை செய்த பெண். வோல்டர் டெவெரெல் 1850இல் வரைந்த ‘டுவெல்ஃப்த் நைட்’ காட்சியில் ஆண்வேடத்து வயோலா அவர்தான். டெவெரெல் தன்னையே பிரபுவாக வரைந்தார், கோமாளிக்கு நண்பரான ஓவியர் ரொசெட்டி உட்கார்ந்தார். மில்லே வரைந்த, ஆற்றில் மூழ்கும் ஒஃபீலியா படத்துக்காகத் தண்ணீர்த் தொட்டியில் படுத்துக் கிடந்தவரும் சிடல்தான். தானும் வரைந்தார், கவிதை எழுதினார். டெவெரெல் 1854இல் இருபத்தாறு வயதில் இறந்துபோனார். அதற்கு முந்திய ஆண்டு அவர் வரைந்த படம் ஒன்று பர்மிங்ஹாமில் இருக்கிறது. ரொசலிண்டும் அவள் காதலன் ஓர்லாண்டோவும் விளையாட்டுக் கல்யாணம் செய்யும் காட்சி. அதில் மதகுருவாகிக் கல்யாணம் முடித்து வைப்பவள் சீலியா. காட்டுக்கு வந்தும் அவளுக்குத் துணைப் பாத்திரம்தான்.

*

நட்பு நட்பு என்று உருகுகிறீர்கள். அந்த நாடகங்கள் எல்லாம் கல்யாணத்தில்தானே முடிகின்றன? மாப்பிள்ளை வந்ததும் தோழி எங்கே? ஓவியர்கள் பொய்யைத்தானே வரைந்தார்கள்?
— வாசகர், கல்முனை

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். முதல் பாதியில் நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ‘அஸ் யூ லைக் இட்’டின் ஐந்தாம் அங்கத்தில் சீலியாவுக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. கடைசிக் காட்சியில் மேடையில் நிற்கிறாள், அவளுக்கும் கல்யாணம் நடக்கிறது, வாய் திறக்கவில்லை. அரண்மனையில் தகப்பனை எதிர்த்து அத்தனை பேச்சுப் பேசியவள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்குப் பதினாறு வயதில் பாடசாலை ஆங்கில தினத்துக்கு இந்த நாடகத்தைச் சுருக்கிப் போட்டோம். உயரம் என்பதால் என்னை ரொசலிண்ட் ஆக்கினார்கள், அண்ணாவின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டேன். சீலியா என் சினேகிதி. முதல் வகுப்பிலிருந்து ஒரே வாங்கு. மேடையில் எனக்கு வசனம் மறந்தபோது, சபைக்குத் தெரியாமல் என் முதுகில் கைவைத்து, அடுத்த வரியின் முதல் சொல்லை மூச்சோடு சொன்னாள். ஒத்திகையில் அவள் பொறுப்பாசிரியையிடம் ஒரு கேள்வி கேட்டாள்: “டீச்சர், கடைசிக் காட்சியில் எனக்கு வசனம் இல்லை. நான் என்ன செய்ய வேண்டும்?” “பூவை வைத்துக்கொண்டு சிரித்தபடி நில், பிள்ளை.” அவள் அப்படியே நின்றாள். நான் கைதட்டு வாங்கினேன். அவளுடைய சிரிப்பை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு அவள் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனாள். வழியனுப்பப் போக முடியாத நாட்கள் அவை.

அதனால்தான் உங்கள் இரண்டாம் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. ஓவியர்கள் பொய் வரையவில்லை. நாடகம் ஓடிக்கொண்டே போய்த் தோழியைக் கைவிட்டுவிடுகிறது. ஓவியம் ஓடாது. ஐந்தாம் அங்கம் வரும் முன்பே மில்லே கதையை நிறுத்திவிட்டார். அவர் படத்தில் சீலியா இன்றைக்கும் ரொசலிண்டின் மேல் சாய்ந்துதான் இருக்கிறாள்.

வில்லியம் ஹோல்மன் ஹன்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். 1851இல் அவர் எடுத்துக்கொண்டது ‘டூ ஜென்டில்மென் ஒஃப் வெரோனா’வின் கடைசிக் காட்சி. அதுவும் பர்மிங்ஹாமில்தான் இருக்கிறது. புரோட்டியஸ் என்பவன் தன் காதலி ஜூலியாவைக் கைவிட்டு, நண்பன் வலன்டைனின் காதலி சில்வியாவைக் காட்டில் பலவந்தப்படுத்தப் பார்க்கிறான். வலன்டைன் வந்து காப்பாற்றுகிறான். அதற்குப் பிறகு நாடகத்தில் சில்வியாவுக்கு ஒரு சொல்கூட இல்லை. ஆண்கள் இருவரும் சமாதானம் பேசிக்கொள்கிறார்கள். ஹன்ட் வரைந்ததைப் பாருங்கள். நடுவில் வலன்டைன், அவனைப் பற்றிக்கொண்டு மண்டியிட்ட சில்வியா, வெட்கிப்போன புரோட்டியஸ். இடது ஓரத்தில், ஆண்வேடத்தில் பின்தொடர்ந்து வந்த ஜூலியா மரத்தில் சாய்ந்து நின்று விரலிலுள்ள மோதிரத்தைத் திருகிக்கொண்டிருக்கிறாள்.

மோதிரக் கதை தெரிந்தால்தான் படம் திறக்கும். ஜூலியாவும் புரோட்டியஸும் பிரியும்போது மோதிரம் மாற்றிக்கொண்டவர்கள். ஜூலியா கொடுத்த மோதிரத்தையே அவன் சில்வியாவுக்குக் கொடுத்தனுப்பினான். கொண்டுபோன பையன் ஜூலியாதான் என்று சில்வியாவுக்குத் தெரியாது. ஜூலியாவை அவள் கண்டதே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் வாங்க மறுக்கிறாள்: அவன் விரல் இந்த மோதிரத்துக்குத் துரோகம் செய்திருக்கலாம், என் விரல் அவனுடைய ஜூலியாவுக்கு அந்தத் தீங்கைச் செய்யாது. முகம் தெரியாத ஒருத்திக்காக ஒரு பெண் சொன்ன சொல். இரு பெண்களும் பேசாத காட்சியில், அந்தச் சொல்லை ஹன்ட் ஒரு விரலில் வைத்துவிட்டார். எத்தனை தரம் பார்த்தாலும் என் கண் அந்த விரலுக்குத்தான் போகிறது.

*

எங்கள் ஓவியர்கள் யாரும் தோழிகளை வரையவில்லையா?
— வாசகி, அக்கரைப்பற்று

ரவிவர்மா வரைந்தார். அவரும் விக்டோரியா காலத்தவர்தான். 1894இல் அவர் தொடங்கிய அச்சகத்தால் படங்கள் வீடுவீடாகப் போயின. காலில் முள் குத்தியதுபோலப் பாவனை செய்து சகுந்தலை பின்னால் திரும்பிப் பார்க்கும் படத்தை எங்கள் பாட்டிமார் வீட்டுச் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் அவள் கண்ணைத்தான் பார்ப்பார்கள். அடுத்த முறை அவள் கையைப் பாருங்கள். தோழியின் தோளைப் பிடித்திருக்கிறது. அந்தத் தோள் அசைந்தால் சகுந்தலை விழுந்துவிடுவாள்.

நான் காண ஆசைப்பட்டு இன்னும் காணாத படம் ஒன்று இருக்கிறது. கண்ணகியின் தோழி தேவந்தி. அறுகும் சிறுபூளையும் நெல்லும் தூவிக் கண்ணகிக்காக வேண்டிக்கொண்டவள். குளத்தில் மூழ்கித் தொழுதால் கணவன் திரும்புவான் என்று சொன்னவள். ‘பீடன்று’ என்று ஒரே சொல்லில் கண்ணகி மறுத்ததையும் கேட்டுக்கொண்டவள். பிறகு வஞ்சியில் கோயில் எழுந்தபோது, கண்ணகிக்குப் பூவும் புகையும் காட்டும் நித்திய பூசையைச் செங்குட்டுவன் ஒப்படைத்தது இந்தத் தோழியிடம்தான் என்கிறது சிலப்பதிகாரம். வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கில் பாடும்போது, கண்ணகியைக் குளிரப்பண்ணுகிற அந்தக் குரலில் நான் தேவந்தியைக் கேட்கிறேன்.

*

சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுக்கிறேன். இரண்டு சினேகிதிகளை வரையச் சொன்னார்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள், ஆனால் சினேகிதிகள் போல இல்லை. என்ன செய்வது டீச்சர்?
— மாணவி, வாழைச்சேனை

முகத்தில் தொடங்காதே மகள். இரண்டு பேரையும் சிரிக்க வைத்தால் நட்பு வந்துவிடாது. ஒகஸ்டஸ் எக் என்பவர் 1862இல் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. ரயில் பெட்டியில் எதிரெதிரே இரண்டு பெண்கள், ஒரே மாதிரிச் சாம்பல் பட்டுடை. ஒருத்தி வாசிக்கிறாள், ஒருத்தி தூங்குகிறாள். சிரிப்பும் இல்லை, பேச்சும் இல்லை. ஒருத்தி விழித்திருப்பதால் மற்றவள் பயமில்லாமல் தூங்குகிறாள். இவர் நாவலாசிரியர் டிக்கன்ஸ் நடத்திய நாடகக் குழுவில் நடித்தவர், பேசாமலே சொல்லத் தெரிந்தவர்.

முதலில் யார் பாரம் யார்மேல் இருக்கிறது என்று முடிவு செய். ஒருத்தி சாயவேண்டும், மற்றவள் தாங்கவேண்டும். தாங்குகிறவளின் ஒரு தோள் சற்று உயரும், எதிர்ப் பக்கத்து இடுப்பு வெளியே தள்ளும், அந்தப் பக்கக் கால் ஊன்றும். இதை முதலில் குச்சி உருவமாகப் போட்டுப் பார். பிறகு கைகள். நான்கு கைகளில் ஒன்றாவது மற்றவளின் மேல் இருக்கட்டும், விரல்கள் விறைக்காமல் இருக்கட்டும். முகங்களைக் கடைசியில் போடு. வீட்டில் அக்கா தங்கை இருந்தால் பாய் பின்னும்போதோ, பேன் பார்க்கும்போதோ பத்து நிமிடம் உட்கார்ந்து பென்சிலால் வரை. வரைந்ததை எனக்கு அனுப்பு, மடிக்காமல் சுருட்டி அனுப்பு. மடித்தால் கோடு சரியாகக் கையின் மேல் விழும்.